கட்டணமா, தீர்வையா? நகரங்கள் மேம்பாட்டுக் கட்டணம் வகுக்கும் முறையும் அதைக் குறிக்கும் சொற்களும்

ஒரு நகரத்தில் நானூறு வீடுகள் கொண்ட புதிய அடுக்குமாடித் தொகுதி எழுகிறது எனக் கொள்வோம். அங்குக் குடியேறுவோருக்குக் குடிநீர் வேண்டும், கழிவுநீர் செல்ல வழி வேண்டும், மழைநீர் வடியவேண்டும், சாலைகள் கூடுதலான வண்டிகளைத் தாங்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் முதியோர்க்குப் பூங்காவும் வேண்டும். இவற்றுக்கான பணத்தை யார் தருவது? ஏற்கெனவே அந்நகரில் வாழ்வோரா, புதிதாக வருவோரா, கட்டடத்தை எழுப்பும் நிறுவனமா, நிலத்தை விற்று ஊதியம் கண்ட உரிமையாளரா?

இவ்வினாவுக்கு விடையாக உலகின் பல நகரங்கள் கண்ட ஏற்பாடே மேம்பாட்டுக் கட்டணம். நாளேடுகளில் இத்தொடரை அடிக்கடி காண்கிறோம். ஆயினும் அத்தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை வகுப்பறைகளில் அரிதாகவே விளக்குகிறோம். ஒரு மொழி அவையில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றற்கொன்று வேறான இரு கணக்குகளைத் தமிழில் ஒரே பெயரால் வழங்கி வருகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால், கேட்கவேண்டிய வினாவும் மறைந்துபோகிறது.

ஒரு பெயர், இரு கணக்குகள்

முதற்கணக்கு செலவைப் பற்றியது. "இக்கட்டடம் நகரத்தின்மேல் எவ்வளவு செலவை ஏற்றுகிறது?" என்று அது கேட்கும். இரண்டாங்கணக்கு மதிப்பைப் பற்றியது. "நகரம் வழங்கிய அனுமதியால் இந்நிலத்தின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தது?" என்று அது கேட்கும். முன்னதில் அளக்கப்படுவது குழாயும் சாலையும் பள்ளியும்; பின்னதில் அளக்கப்படுவது நிலம்.

தமிழில் கட்டணம் என்னும் சொல் பெற்றுக்கொண்ட ஒன்றுக்கு ஈடாகக் கொடுப்பதைக் குறிக்கிறது. பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மின்கட்டணம் என்பவற்றில் எல்லாம் கொடுப்பவர் தாம் எதற்குக் கொடுக்கிறார் என்பதைச் சுட்டிக்காட்ட முடியும். வரி அத்தகையதன்று. அது பொதுக் கருவூலத்திற்குச் செல்வது. கொடுத்தவர் தமக்கு நேராக என்ன கிடைத்தது என்று கேட்பதற்கில்லை. தீர்வை என்பது இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறது. நிலத்தீர்வை, முத்திரைத் தீர்வை, கலால் தீர்வை எனக் குறிப்பிட்ட ஒரு பொருளின்மேலோ ஒரு செயலின்மேலோ அரசு விதிப்பதை அச்சொல்லால் வழங்குகிறோம்.

இத்தகைய வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. சோழர்காலக் கல்வெட்டுகளில் ஏரி ஆயம், பாடிகாவல் முதலான வரிப்பெயர்கள் வருகின்றன. எதன் பொருட்டுத் தண்டப்படுகிறது என்பது பெயரிலேயே விளங்குகிறது. முன்னது நீர்நிலையையும் பின்னது ஊர்க்காவலையும் சுட்டும். இன்று மேம்பாட்டுக் கட்டணம் என்று மட்டும் சொல்லும்பொழுது அத்தெளிவு கிடைப்பதில்லை. எதை மேம்படுத்துவதற்கு? யாருக்கு நேர்ந்த மேம்பாட்டிற்காக? பெயர் வாய்திறப்பதில்லை.

செலவைப் பகுக்கும் முறை

செலவை அடிப்படையாகக் கொண்ட கட்டணத்தை இங்குத் தாக்கக் கட்டணம் என வழங்குவோம். புதிய கட்டடத்தால் பொது வசதிகளின்மேல் ஏற்படும் தாக்கத்திற்கு ஈடு என்பது இதன் பொருள். அமெரிக்க நகரங்களில் இது பரவலாக உள்ளது. கணக்கின் போக்கை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஒரு நகரம் புதிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைக் கட்டவிருக்கிறது. செலவு 6 கோடி வெள்ளி. அந்நிலையம் 15,000 வீடுகளுக்கு நீர் தரவல்லது. அவ்வாறாயின் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு 4,000 வெள்ளி. எனவே புதிய வீடு ஒவ்வொன்றும் 4,000 வெள்ளி செலுத்தவேண்டும் என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்நகரில் இப்பொழுதே 3,000 வீடுகளுக்குப் போதிய நீர் கிடைக்கவில்லை என வைத்துக்கொள்வோம். நிலையத்தின் ஐந்தில் ஒரு பங்கு அப்பழைய குறையைத் தீர்க்கவே பயன்படும். ஆகவே 1.2 கோடி வெள்ளியை நகரம் தன் பொது வருவாயிலிருந்து போடவேண்டும், மீதமுள்ள 4.8 கோடியை மட்டுமே புதிய 12,000 வீடுகளிடமிருந்து பெறலாம். பழைய குறையைப் புதியவர் தலையில் சுமத்தலாகாது என்பது இக்கணக்கின் முதல் அறம்.

இரண்டாவது அறம் ஒரே செலவை இருமுறை வாங்கலாகாது என்பது. நகரம் கடன் வாங்கி அந்நிலையத்தைக் கட்டி, அக்கடனைச் சொத்துவரியிலிருந்து அடைத்து வருமாயின், புதிய வீட்டுக்காரரும் அவ்வரியைச் செலுத்துவர். அவர் வரியாகத் தரவிருப்பதைக் கட்டணத்திலிருந்து கழிக்கவேண்டும். மேலரசு மானியம் தந்திருந்தால் அதனையும் முதலில் கழித்துவிட வேண்டும்.

அடுத்து, எந்த அலகில் அளப்பது என்னும் சிக்கல். சாலைக்கு ஒரு நாளில் ஏற்படும் வண்டிப் பயணங்களின் எண்ணிக்கை அலகாகும். கடையொன்று வீட்டைக்காட்டிலும் மிகுதியான பயணங்களை ஈர்க்கும். நீருக்கு நீர்மானியின் அளவு அலகாகும். பூங்காவுக்கும் பள்ளிக்கும் மக்கள்தொகை அலகாகும். வீட்டுக்கு இவ்வளவு எனச் சமமாக விதித்தால் சிறுவீடு வாங்குவோர் பெருமனைக்காரருக்கு நிகரான தொகையைச் சுமக்க நேரும். இதனைக் கருதியே கலிபோர்னியா மாநிலம் 2021ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, வீடுகளுக்கான கட்டண ஆய்வுகள் தளப்பரப்புக்கு ஏற்பக் கணக்கிடுவதைப் பொதுவிதியாக்கியது. அலகைத் தெரிவு செய்வது கணக்கர் வேலைபோலத் தோன்றும். உண்மையில் யார் எவ்வளவு சுமப்பது என்பதை முடிவு செய்வது அதுவே.

கலிபோர்னியா காட்டும் பாடம்

கலிபோர்னியாவில் இக்கட்டணங்கள் பெருகியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மாநில மக்கள் வாக்களிப்பின் மூலம் சொத்துவரிக்கு வரம்பு கட்டினர். பொதுவரி சொத்தின் வரிமதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அவ்வரிமதிப்பும் சொத்து கைமாறும்வரை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரலாகாது. பழைய வீட்டுக்காரர்களுக்கு இது பெரும் நிம்மதி. நகராட்சிகளோ சாலைக்கும் வடிகாலுக்கும் வேறு வழி தேடவேண்டியதாயிற்று. புதிதாகக் கட்டுவோரிடம் வாங்கும் கட்டணம் அவ்வழிகளுள் ஒன்றாயிற்று.

வாங்குவது எளிதாகிவிட்டால் மிகையாக வாங்கும் ஆசையும் எழும். அதற்கு வேலி கட்ட அம்மாநிலம் 1987இல் ஒரு சட்டம் இயற்றியது. கட்டணத்தின் நோக்கம் இன்னது, பணம் இன்ன பணிக்குச் செல்லும், அப்பணிக்கும் கட்டப்படும் கட்டடத்துக்கும் இன்ன தொடர்பு உண்டு என நகராட்சி எழுத்தில் காட்டவேண்டும். பணத்தைத் தனிக்கணக்கில் வைக்கவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை செலவாகாத பணத்திற்குக் காரணம் கூறவேண்டும். கூறத் தவறின் திருப்பித் தர நேரும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இரு அளவுகோல்களை வகுத்தது. கட்டட அனுமதிக்கு ஈடாக அரசு கேட்பதற்கும் அக்கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் இன்றியமையாத தொடர்பு இருக்கவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கேட்கும் அளவும் பாதிப்பின் அளவும் ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும் என்பது ஆரெகன் மாநிலத்தின் டைகார்டு நகரத்தைப் பற்றிய 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நிலமாகக் கேட்டாலும் பணமாகக் கேட்டாலும் இவ்விதி பொருந்தும் என 2013இல் தெளிவாயிற்று.

பின்னர் வந்த ஒரு வழக்கு கருதத்தக்கது. கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில் ஒருவர் தம் நிலத்தில் ஆலையில் செய்த ஆயத்த வீடொன்றை நிறுவ விரும்பினார். அனுமதிக்காகப் போக்குவரத்துக் கட்டணமாக 23,420 டாலர் கேட்கப்பட்டது. அத்தொகை, கட்டடத்தின் வகையையும் இருப்பிடத்தையும் கொண்டு வகுத்த அட்டவணையிலிருந்து வந்தது. அந்த ஒரு வீட்டால் சாலைக்கு என்ன சுமை என்று தனியே ஆராய்ந்து வந்ததன்று. மன்றத்தில் சட்டமாக நிறைவேற்றிய அட்டவணை என்பதாலேயே அது மேற்கண்ட அளவுகோல்களுக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு வகுப்பைச் சார்ந்த எல்லா வீடுகளுக்கும் பொதுவாக அட்டவணை போடலாமா, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்கணக்கு வேண்டுமா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

செலவுக் கணக்கின் வலிமையும் மெலிவும் இங்கே புலப்படுகின்றன. கொடுப்பவர் "எந்தச் சாலை, எவ்வளவு?" என்று நகரத்தைக் கேட்கமுடிவது வலிமை. தனித்தனியே அளக்க முயன்றால் அளக்கும் செலவே மிகுந்துவிடுவதும், அட்டவணையால் அளந்தால் சிலருக்கு மிகையாக விழுவதும் மெலிவு.

மதிப்புயர்வைப் பகிரும் முறை

இனி இரண்டாங்கணக்கு. ஒரு நிலத்தில் நான்கு மாடி கட்டலாம் என்றிருந்த விதி பன்னிரண்டு மாடி கட்டலாம் என மாறினால், நிலத்தின் விலை உயர்ந்துவிடும். உரிமையாளர் அதற்காக ஒரு செங்கல்லையும் வைத்திலர். அனுமதியும் அருகிலுள்ள தொடர்வண்டி நிலையமும் சாலையும் பொதுமக்கள் முயற்சியால் வந்தவை. அவ்வுயர்வின் ஒரு பகுதி பொதுமக்களுக்குத் திரும்பவேண்டும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. ஆங்கிலத்தில் இதனை 'பெட்டர்மென்ட்' என்னும் சொல்லால் குறிப்பர்.

பிரிட்டனில் 1942இல் அத்வாட் குழு இப்பொருளை விரிவாக ஆராய்ந்தது. 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் மதிப்புயர்வு முழுவதையும், அதாவது நூற்றுக்கு நூறு விழுக்காட்டையும், கட்டணமாகக் கேட்டது. விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. விற்றாலும் கட்டினாலும் ஊதியம் இல்லை என்றானபின் நிலத்தை வெளியே விட உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை. 1950களின் தொடக்கத்தில் அக்கட்டணம் நீக்கப்பட்டது. எவ்வளவு பங்கைக் கேட்பது என்பது நீதியை மட்டும் சார்ந்ததன்று. நிலம் தொடர்ந்து பயன்பாட்டுக்கு வரவேண்டும் என்னும் நடைமுறையையும் சார்ந்தது.

சிங்கப்பூர் இம்மரபிலிருந்து பெற்றதைத் தன் சூழலுக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்டது. 1960களில் தோன்றிய மேம்பாட்டுக் கட்டணம் இங்கே தொடக்கம் முதலே மதிப்புயர்வைச் சார்ந்தது. உயர்வு முழுவதையும் கேளாமல் ஒரு பங்கை மட்டும் கேட்கும் முறை வேரூன்றியது. அப்பங்கு 50 விழுக்காடாக இருந்து, 2007 ஜூலையில் 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மேம்பாட்டுக் கட்டணம், தற்காலிக மேம்பாட்டுத் தீர்வை, நில ஒப்பந்தக் கட்டுப்பாடுகளை நீக்குவதற்கான கூடுதல் தொகை என முன்பு மூன்றாக இருந்தவை, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒன்றாக்கப்பட்டு 2022 ஆகஸ்டு 1 முதல் நடப்புக்கு வந்தன. சிங்கப்பூர் நில ஆணையம் இதனைத் தண்டுகிறது. இச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் முன்பிருந்த 'டெவலப்மென்ட்' நீங்கி, 'பெட்டர்மென்ட்' இடம்பெற்றது. சட்டமே தன் பொருளைத் தன் பெயரில் தெளிவுபடுத்திக்கொண்டது.

கணக்கிடும் வகை இதுவாகும். தீவு 118 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வணிகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, தரைவீடு, விடுதியும் மருத்துவமனையும், தொழில் எனப் பயன்பாடுகளும் தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்னும் விகிதம் அட்டவணையில் உள்ளது. தலைமை மதிப்பீட்டாளரைக் கலந்து, ஆண்டுதோறும் மார்ச் 1, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் அது திருத்தப்படுகிறது. புதிய பயன்பாட்டின் மதிப்பிலிருந்து பழைய பயன்பாட்டின் மதிப்பைக் கழிக்கக் கிடைப்பதே செலுத்தவேண்டிய தொகை.

எடுத்துக்காட்டாக, 2,000 சதுர மீட்டர் நிலத்தில் தளப்பரப்பு விகிதம் 1.4 ஆக இருந்தது, அதாவது நிலத்தின் பரப்பைப்போல் 1.4 மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்றிருந்தது, எனக் கொள்வோம். இப்பொழுது அது 2.8 ஆகிறது. முன்பு கட்டக்கூடிய தளப்பரப்பு 2,800 சதுர மீட்டர். இனி 5,600 சதுர மீட்டர். அப்பகுதியின் விகிதம் சதுர மீட்டருக்கு 5,000 வெள்ளி என வைத்துக்கொண்டால், கூடுதலான 2,800 சதுர மீட்டருக்குச் செலுத்தவேண்டியது 1.4 கோடி வெள்ளி. இக்கணக்கில் குழாயின் விலையோ சாலையின் விலையோ எங்கும் வரவில்லை என்பதை நோக்கவேண்டும்.

தண்டப்படும் பணமும் தனி நிதியில் அடைபடுவதில்லை. வரவுசெலவுத் திட்ட ஆவணங்களில் இது அரசின் நடப்பு வருவாயில் 'பிற வரிகள்' என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறுகிறது. எனவே கட்டணம் என்னும் பெயரைக் கேட்டு, "எங்கள் பகுதி வடிகால் எங்கே?" என்று வினவுவோர்க்கு இக்கணக்கில் நேர்விடை இல்லை. வடிகால் பொது வருவாயிலிருந்து வருகிறது. அப்பொது வருவாயை இது வளர்க்கிறது.

மலேசியச் சட்டங்களில் இரண்டும்

மலேசியாவில் இரு கணக்குகளும் அருகருகே உள்ளன. 1976ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 32ஆம் பிரிவு, உள்ளூர்த் திட்டத்தின் மாற்றத்தால் நிலத்தின் பயன்பாடோ அடர்த்தியோ தளப்பரப்போ மாறி, அதனால் மதிப்பு உயருமாயின் மேம்பாட்டுக் கட்டணம் விதிக்க இடமளிக்கிறது. மலாயில் இது 'சாஜ் பெமாஜுவான்' எனப்படும். இது மதிப்பைச் சார்ந்தது. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தில் இத்தகைய ஏற்பாடு தனியே உண்டு.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 132ஆம் பிரிவோ சீரமைப்புப் பணி நிதி ஒன்றை ஏற்படுத்துகிறது. சாலை, வடிகால் முதலிய பணிகளுக்கென அமைந்தது அந்நிதி. இது செலவைச் சார்ந்தது. ஒரே மேம்பாட்டாளர் இவ்விரண்டையும் செலுத்த நேரலாம். தமிழ்ச் செய்தியில் இரண்டும் மேம்பாட்டுக் கட்டணம் என்றே வருமாயின், படிப்பவர் ஒன்றையே இருமுறை வாங்குகிறார்கள் என்று எண்ணுவார். உண்மையில் ஒன்று பொதுவசதிக்குரிய செலவு. மற்றொன்று பொதுமக்களால் விளைந்த ஊதியத்தில் பங்கு.

சுமை எங்கே சென்று சேர்கிறது

காசோலையில் கையெழுத்திடுபவர் மேம்பாட்டாளர். ஆனால் சுமையை இறுதியில் தாங்குவோர் அவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் அதனை முன்னே நிலம் விற்பவரிடமோ பின்னே வீடு வாங்குபவரிடமோ தள்ள முயல்வார். நிலம் வாங்குமுன்பே தொகை தெரிந்திருப்பின், நிலத்துக்கு அவர் தரும் விலை அந்த அளவுக்குக் குறையும். சுமை பெரும்பாலும் நில உரிமையாளரைச் சேரும். நிலம் வாங்கியபின் கட்டணம் உயருமாயின், முன்னே தள்ள வழியில்லை. ஊதியம் குறையும், அல்லது கட்டுவது தள்ளிப்போகும், வீடுகளுக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் விலை உயர்ந்து வாங்குபவரைச் சேரும்.

சிங்கப்பூரில் விகிதங்களை அட்டவணையாக முன்கூட்டியே வெளியிடுவதன் பயன் இதனால் விளங்கும். கலிபோர்னியாவில் 1978க்குப் பின் எழுந்த மனக்குறையும் விளங்கும். பழைய வீட்டுக்காரரின் வரி வரம்புக்குள் நிற்க, முதல் வீடு வாங்கும் இளையோர் பொதுவசதியின் செலவை வீட்டு விலையோடு சேர்த்துத் தாங்குகின்றனர். தலைமுறைகளுக்கு இடையிலான இப்பங்கீட்டை எவரும் நேராக வாக்கெடுத்து முடிவு செய்யவில்லை. அட்டவணைகளின் வழியே அது நிகழ்ந்தது.

இரண்டையும் கலந்த முறையும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சமூக உள்கட்டமைப்புத் தீர்வை ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. உள்ளாட்சி அமைப்பு உள்கட்டமைப்புக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதையும், எந்த அளவுக்குமேல் கேட்டால் கட்டடப் பணியே நின்றுவிடும் என்பதையும் சீர்தூக்கி விகிதத்தை வகுக்கும். அதனைத் தனிநிலைத் தேர்வாளர் ஒருவர் ஆராய்வார். தேவை கீழெல்லையையும் தாங்குதிறன் மேலெல்லையையும் காட்டுகின்றன எனலாம்.

சொல் செய்யவேண்டிய பணி

மேம்பாடு என்னும் சொல் நம்மிடம் மிகுதியாக உழைக்கிறது. கட்டடம் எழுப்புவதும் மேம்பாடு. வசதியைச் சீர்செய்வதும் மேம்பாடு. நிலத்தின் விலை உயர்வதும் மேம்பாடு. ஆங்கிலம் மூன்று சொற்களால் சுட்டுவதை நாம் ஒன்றால் சுட்டுகிறோம். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். பொதுப்பணத்தைப் பற்றிய உரையாடலுக்குப் போதாது. செலவைச் சார்ந்ததைத் தாக்கக் கட்டணம் என்றும், மதிப்பைச் சார்ந்ததை நில மதிப்புயர்வுத் தீர்வை என்றும் பிரித்து வழங்கலாம் என்பது நம் கருத்து. முன்னதில் ஈடு உண்டு. ஆதலால் கட்டணம் பொருந்தும். பின்னதில் நேரான ஈடு இல்லை. ஆதலால் தீர்வை பொருந்தும். இவற்றினும் சிறந்த சொற்களை ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஆக்கக்கூடும். வேறுபாடு நிலைத்தால் போதும்.

வகுப்பறையில் இப்பொருளைப் பேசும் ஆசிரியர்கள், கட்டணம் பற்றிய செய்தி ஒன்றை மாணவர்களிடம் தந்து நான்கு வினாக்களை எழுப்பலாம். இத்தொகை செலவைக் கொண்டு வந்ததா, மதிப்பைக் கொண்டு வந்ததா? எந்த அலகால் அளந்தார்கள்? பணம் தனிக்கணக்கிற்குச் செல்கிறதா, பொதுக் கருவூலத்திற்குச் செல்கிறதா? முன்கூட்டியே அறிவித்தார்களா?

செலவுக் கணக்காயின் நகரம் தன் பணிச்செலவுகளைத் திறந்து காட்டவேண்டும். மதிப்புக் கணக்காயின் மதிப்பீட்டின் நெறியைத் திறந்து காட்டவேண்டும். எதைத் திறந்து காட்டும்படி கேட்பது என்று தெரிவதற்கு முன், எக்கணக்கு என்று தெரியவேண்டும். அதனைத் தெரிவிப்பது சொல்லின் கடமை. அச்சொல்லைப் பொருளறிந்து வழங்கக் கற்பிப்பது தமிழ் வகுப்பால் செய்யக்கூடிய பணியே.